யோகான் கியோர்க் விர்சுங்

யோகான் கியோர்க் விர்சுங் (3 ஜூலை 1589 – 22 ஆகஸ்ட் 1643) ஜெர்மனியில் பிறந்து, இத்தாலியின் பாதுவா நகரில் பணியாற்றிய மருத்துவரும் உடற்கூற்றியலாளரும் ஆவார். மனிதக் கணையத்தின் முதன்மை நாளத்தை 1642 ஆம் ஆண்டில் கண்டு, அதனைப் படமாக வரைந்து அறிஞர்களுக்கு அறிவித்தவர் இவரே. அந்நாளம் இவரது பெயரால் விர்சுங் நாளம் என இன்றும் அழைக்கப்படுகிறது. தாம் கண்ட நாளத்தின் பயன் யாது என்பதை அறியாமலும், அதனைப் பற்றி நூல் எதுவும் எழுதாமலும், கண்டுபிடிப்புக்கு அடுத்த ஆண்டிலேயே இவர் தம் வீட்டு வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கணைய நாளங்களில் பிறவியிலேயே தோன்றும் மாறுபாடுகளை அறிவதற்கும் அவற்றுக்குச் சிகிச்சை அளிப்பதற்கும் இவர் வரைந்து காட்டிய இயல்பான அமைப்பே தொடக்கமாக அமைந்தது.

பிறப்பும் கல்வியும்

விர்சுங் தென் ஜெர்மனியின் வணிக நகரான ஆக்சுபர்கில் பிறந்தார். பழைய நூல்கள் சில இவர் பிறந்த ஆண்டை 1600 எனக் குறிப்பிடுகின்றன. ஆல்ட்டோர்ஃப், பாரிஸ் ஆகிய இடங்களில் மருத்துவம் பயின்றார். பாரிசில் இவருக்கு ஆசிரியராக இருந்தவர் அக்காலத்தின் புகழ்பெற்ற உடற்கூற்றியலாளரான ஜீன் ரியோலான் ஆவார். பின்னர் பாதுவாவுக்குச் சென்று 1630 ஆம் ஆண்டில் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அதன் பின்னர் தம் வாழ்நாள் முழுவதும் அந்நகரிலேயே தங்கிவிட்டார்.

பாதுவா அக்காலத்தில் வெனிஸ் குடியரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஐரோப்பாவில் உடற்கூற்றியல் கற்க விரும்பியோர் நாடிச் சென்ற முதன்மையான இடம் அது. வெசாலியசு அங்கு கற்பித்தார். குருதிச் சுற்றோட்டத்தை விளக்கிய வில்லியம் ஆர்வி 1602 இல் அங்கு பட்டம் பெற்றார். பெப்ரீசியசு என்பவரின் முயற்சியால் 1590களில் அமைக்கப்பட்ட நிலையான உடற்கூற்று அரங்கும் அங்கு இருந்தது. சமய வேறுபாடுகளை வெனிஸ் அரசு பெரிதுபடுத்தாததால், ஜெர்மனி, டென்மார்க், இங்கிலாந்து முதலிய நாடுகளின் சீர்திருத்தக் கிறித்தவ மாணவர்களும் பெருமளவில் அங்கு வந்து பயின்றனர்.

பாதுவாவில் பணி

1632 முதல் பாதுவாவில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்தவர் யோகான் வெஸ்லிங். இவரும் ஜெர்மானியரே. இவரிடம் விர்சுங் உடலறுப்பாளராகப் பணியாற்றினார். பேராசிரியர் விரிவுரை நிகழ்த்தும் முன்னர் இறந்த உடலை அறுத்து, காட்ட வேண்டிய உறுப்புகளைப் பிரித்து ஆயத்தம் செய்து வைப்பதே உடலறுப்பாளரின் வேலை. கைத்திறனும் பொறுமையும் வேண்டிய இப்பணிக்குப் பேராசிரியர் பதவிக்குரிய மதிப்பு இல்லை. எனினும் உறுப்புகளைத் தம் கையால் தொட்டு அறியும் வாய்ப்பு உடலறுப்பாளருக்கே மிகுதியாகக் கிடைத்தது.

இறந்த உடல்கள் விரைவில் அழுகிவிடும் என்பதால் உடலறுப்புகள் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே நடத்தப்பட்டன. மரண தண்டனை பெற்ற குற்றவாளிகளின் உடல்களும் இதற்குப் பயன்பட்டன.

அக்காலத்தில் கணையம் பற்றிய அறிவு

கணையம் என்னும் உறுப்பு பண்டைய கிரேக்க மருத்துவர்களுக்குத் தெரிந்ததே. எலும்போ குருத்தெலும்போ இல்லாதது என்பதால், முழுதும் தசை எனப் பொருள்படும் பெயரை அவர்கள் அதற்கு இட்டனர். ஆயினும் அதன் பயன் யாருக்கும் தெரியவில்லை. அதன் பின்னால் செல்லும் குருதிக் குழாய்களைத் தாங்கிப் பாதுகாக்கும் மெத்தை போன்றது அது எனக் கேலன் கருதினார். பதினாறாம் நூற்றாண்டில் வெசாலியசும் ஏறத்தாழ இக்கருத்தையே கொண்டிருந்தார். இவ்வாறு 1,400 ஆண்டுகளுக்கும் மேலாகக் கணையம் இரைப்பைக்கு அடியில் வைக்கப்பட்ட ஒரு திண்டாகவே எண்ணப்பட்டு வந்தது.

1622 இல் காஸ்பரே அசெல்லி என்னும் இத்தாலிய மருத்துவர், உணவு உண்ட நாயின் வயிற்றை அறுத்தபோது, குடலில் இருந்து வெண்ணிறப் பாய்மத்தைக் கொண்டு செல்லும் நுண்ணிய குழாய்களைக் கண்டார். அவை கல்லீரலுக்குச் செல்வதாக அவர் கருதினார். செரிக்கப்பட்ட உணவின் சாறு எவ்வழியே குருதியில் சேர்கிறது என்னும் கேள்வி இதன் பின்னர் உடற்கூற்றியலாளர்களிடையே பெரிதாக எழுந்தது. வயிற்றுக்குள் உள்ள புதிய குழாய்களைத் தேடும் ஆர்வம் மிகுந்திருந்த இக்காலத்திலேயே விர்சுங்கின் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது.

நாளத்தைக் கண்டறிதல்

1642 மார்ச் 2 அன்று, பாதுவாவில் உள்ள புனித பிரான்சிசு மருத்துவமனையில் விர்சுங் ஓர் உடலை அறுத்தார். கொலைக் குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடல் அது. டென்மார்க்கைச் சேர்ந்த தாமசு பார்த்தோலின், ஜெர்மனியைச் சேர்ந்த மோரிட்ஸ் ஓஃப்மன் ஆகிய இரு மாணவர்கள் உடனிருந்தனர். இவர்கள் இருவரும் பிற்காலத்தில் புகழ்பெற்ற பேராசிரியர்களாயினர்.

கணையத்தின் நடுவே, அதன் வால் முனையில் இருந்து தலைப்பகுதி வரை நீளவாக்கில் செல்லும் ஒரு குழாயை விர்சுங் கண்டார். இருபுறமும் இருந்து சிறு கிளைகள் வந்து அக்குழாயில் இணைந்தன. அது முன்சிறுகுடலில், பித்த நாளம் திறக்கும் இடத்தின் அருகே சென்று முடிந்தது. பின்னர் வேறு உடல்களையும் அறுத்துப் பார்த்து, இக்குழாய் ஓர் உடலில் மட்டும் தற்செயலாக அமைந்ததன்று என்பதை உறுதி செய்துகொண்டார்.

செப்புத்தகடும் கடிதங்களும்

விர்சுங் தம் கண்டுபிடிப்பை நூலாக வெளியிடவில்லை. அதற்கு மாறாக, கணையத்தையும் நாளத்தையும் அதன் கிளைகளையும் காட்டும் படத்தைச் செப்புத்தகட்டில் செதுக்கச் செய்து, அதிலிருந்து சில படிகளை அச்சிட்டார். வெவ்வேறு மனித உடல்களில் தாம் புதிதாகக் கண்ட ஒரு நாளத்தின் படம் இது என்னும் கருத்துடைய இலத்தீன் தலைப்பு அத்தகட்டில் பொறிக்கப்பட்டுள்ளது. நாளத்திற்கு அவர் பெயர் எதுவும் இடவில்லை. அதன் பயனையும் குறிப்பிடவில்லை.

இப்படிகளை அவர் ஐரோப்பாவின் பல்வேறு நகரங்களில் இருந்த அறிஞர்களுக்கு அனுப்பினார். பாரிசில் ரியோலான், கோப்பனேகனில் ஓலே வோர்ம், ஆல்ட்டோர்ஃபில் காஸ்பர் ஓஃப்மன் ஆகியோர் அவர்களுள் சிலர்.

தம் ஆசிரியரான ரியோலானுக்கு 1643 ஜூலை 7 அன்று அவர் எழுதிய கடிதம் அவரது ஐயத்தைக் காட்டுகிறது. இக்குழாயைத் தமனி என்பதா சிரை என்பதா என அவர் அதில் கேட்டிருந்தார். அதனுள் குருதியை ஒருபோதும் கண்டதில்லை என்றும், கலங்கிய பாய்மம் ஒன்றையே கண்டதாகவும், உள்ளே நுழைத்த வெள்ளிக் கம்பியின் நிறத்தை அது மாற்றியதாகவும் தெரிவித்திருந்தார். குழாய் எதைக் கொண்டு செல்கிறது, எத்திசையில் கொண்டு செல்கிறது என்பவற்றுக்கு விடை பெறவே அவர் விரும்பினார். அந்த விடை கிடைக்கும் காலம் வரை அவர் உயிருடன் இருக்கவில்லை.

கொலை

கடிதம் எழுதப்பட்ட ஏழாவது வாரத்தில், 1643 ஆகஸ்ட் 22 அன்று இரவு, விர்சுங் தம் வீட்டு வாயிலில் நின்றிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். கொலை செய்தவர் பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த ஜாக்கோமோ கம்பியர் என்னும் மாணவர். அப்போது விர்சுங்கிற்கு வயது 54.

நாளத்தைக் கண்டறிந்தவர் யார் என்னும் பூசலே கொலைக்குக் காரணம் என்னும் கதை பிற்காலத்தில் பரவியது. இக்கதைக்கு ஆதாரம் இல்லை. தனிப்பட்ட பகையே காரணம் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பாதுவாவின் மாணவர்கள் ஆயுதம் தாங்கித் திரிவதும் இரவு நேரங்களில் தெருக்களில் மோதிக்கொள்வதும் அக்காலத்தில் வழக்கமாக இருந்தன.

முன்னுரிமைச் சர்ச்சை

விர்சுங் இறந்து சில ஆண்டுகள் கழிந்த பின்னர், அவருடன் இருந்த மாணவரான மோரிட்ஸ் ஓஃப்மன் இக்கண்டுபிடிப்புக்கு உரிமை கோரினார். 1641 ஆம் ஆண்டிலேயே வான்கோழி ஒன்றில் தாம் இந்நாளத்தைக் கண்டதாகவும், அதனை விர்சுங்கிடம் காட்டியதாகவும், அதன் பின்னரே விர்சுங் மனித உடலில் அதனைத் தேடியதாகவும் அவர் கூறினார்.

இக்கூற்றை மறுக்க விர்சுங் உயிருடன் இல்லை. எனினும் செப்புத்தகட்டின் படிகள் அவர் வாழ்ந்தபோதே பல நாடுகளுக்கும் சென்று சேர்ந்திருந்தன. விர்சுங்கின் பெயர் மட்டுமே அதில் இருந்தது. அவர் உயிருடன் இருந்தவரை ஓஃப்மன் உரிமை எதனையும் வெளியிட்டதாகத் தெரியவில்லை. பறவை ஒன்றில் ஓஃப்மன் நாளத்தைக் கண்டது உண்மையாகவே இருந்தாலும், மனிதக் கணையத்தில் அதனைப் பல உடல்களில் உறுதி செய்து படமாக அறிவித்தவர் விர்சுங்கே. ஆகவே மருத்துவ உலகம் அவரது பெயரையே நாளத்திற்கு நிலைக்கச் செய்தது.

நாளத்தின் பயன் அறியப்படுதல்

விர்சுங்கின் கேள்விக்கு விடை 21 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்தது. 1664 இல் இடச்சு நாட்டின் லைடன் நகரில் மருத்துவம் பயின்ற ரெய்னியர் டி கிராஃப், உயிருள்ள நாயின் கணைய நாளத்தினுள் பறவை இறகின் தண்டைப் பொருத்தி, அதன் வழியே வடிந்த நீரைச் சேகரித்தார். கணையம் ஒரு நீரைச் சுரக்கிறது என்பதும், நாளம் அதனைக் குடலுக்குக் கொண்டு செல்கிறது என்பதும் இதனால் விளங்கின. அந்நீர் புளிப்புத்தன்மை உடையது என அவர் கூறியது தவறாகும். அது காரத்தன்மை உடையது. கொழுப்பைச் செரிப்பதில் கணைய நீரின் பங்கை 1840களின் இறுதியில் பிரான்சின் கிளாட் பெர்னார் நிறுவினார். 1902 இல் பேலிசும் ஸ்டார்லிங்கும் கண்டறிந்த செக்ரெட்டின் என்னும் இயக்குநீர் கணையத்தைச் சுரக்கத் தூண்டுவதும் தெரியவந்தது.

மற்றொரு புறம், நாளம் அனைவரிடமும் ஒரே வகையாக அமைவதில்லை என்பதும் தெளிவாயிற்று. வெனிசைச் சேர்ந்த ஜொவான்னி தொமெனிக்கோ சாந்தோரினி (1681–1737) கணையத்தில் இரண்டாவதாக ஒரு சிறிய நாளம் இருப்பதையும், அது குடலில் தனியாகத் திறப்பதையும் விவரித்தார். இது துணைக் கணைய நாளம் அல்லது சாந்தோரினி நாளம் எனப்படுகிறது.

கருவில் நாளங்கள் உருவாதல்

மனிதருக்கு இரு கணைய நாளங்கள் இருப்பதன் காரணத்தைக் கருவியல் பின்னர் விளக்கியது. கருவில் கணையம் முதுகுப்புற மொட்டு, வயிற்றுப்புற மொட்டு என இரண்டு மொட்டுகளாகத் தோன்றுகிறது. வயிற்றுப்புற மொட்டு பித்த நாளத்துடன் சேர்ந்து முன்சிறுகுடலைச் சுற்றி நகர்ந்து, ஏறத்தாழ 7 ஆவது வாரத்தில் முதுகுப்புற மொட்டுடன் ஒட்டிக்கொள்கிறது. அப்போது இரண்டின் நாளங்களும் இணைகின்றன. வயிற்றுப்புற மொட்டின் நாளமும், முதுகுப்புற மொட்டின் நாளத்தில் வால் பக்கம் உள்ள நீண்ட பகுதியும் சேர்ந்ததே விர்சுங் நாளம் ஆகும். முதுகுப்புற நாளத்தில் குடலை ஒட்டி எஞ்சும் சிறு பகுதியே சாந்தோரினி நாளம். இந்த நகர்வும் இணைப்பும் ஒழுங்காக நிகழாதபோது பிறவி மாறுபாடுகள் தோன்றுகின்றன.

பிறவி மாறுபாடுகளும் சிகிச்சையும்

பிரிந்த கணையம்: மொட்டுகள் ஒட்டிக்கொண்டாலும் நாளங்கள் இணையாமல் விடும் நிலை இது. பிறவி மாறுபாடுகளுள் மிகுதியாகக் காணப்படுவதும் இதுவே. ஐரோப்பிய மக்களில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காட்டினரிடம் இது உள்ளது. ஆசிய மக்களிடம் குறைவு. இவர்களிடம் விர்சுங் நாளம் குட்டையாகி, கணையத் தலையின் சிறு பகுதிக்கு மட்டும் பயன்படுகிறது. கணைய நீரின் பெரும்பகுதி சாந்தோரினி நாளத்தின் வழியே, சிறிய துளை ஒன்றின் ஊடாகக் குடலை அடைய வேண்டியிருக்கிறது. பெரும்பாலோருக்கு இதனால் எவ்விதத் துன்பமும் இல்லை. சிலருக்கு மட்டும் கணைய அழற்சி மீண்டும் மீண்டும் வருகிறது. அவர்களுள் பலரிடம் அழற்சிக்கு ஏதுவான மரபணு மாற்றங்களும் சேர்ந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளதால், நாள அமைப்பு மட்டுமே நோய்க்குக் காரணமாகுமா என்பது மருத்துவர்களிடையே விவாதத்திற்கு உரியதாக உள்ளது.

முற்காலத்தில் இறந்த உடலை அறுத்தே இந்நிலையை அறிய முடிந்தது. 1968 முதல் வளைந்து செல்லும் உள்நோக்கியைக் குடல் வரை செலுத்தி, நாளத் துளையில் நிறமியைப் புகுத்தி ஊடுகதிர்ப் படம் எடுக்கும் முறை வழக்கிற்கு வந்தது. இச்சோதனையே சிலருக்குக் கணைய அழற்சியை உண்டாக்குவதால், 1990களில் இருந்து காந்த அதிர்வுப் படம் எடுக்கும் முறை பெரிதும் பயன்படுகிறது. செக்ரெட்டினை ஊசி வழியே செலுத்தினால் நாளத்தில் நீர் நிறைந்து படம் மேலும் தெளிவாகிறது. உள்நோக்கி வழியான மீயொலிச் சோதனையும் உதவுகிறது.

அறிகுறி இல்லாதோருக்குச் சிகிச்சை தேவையில்லை. அழற்சி அடிக்கடி வருவோரிடம் பித்தக்கல், மது முதலிய பிற காரணங்களை முதலில் ஆராய்வர். அதன் பின்னரே சிறிய துளையை உள்நோக்கி வழியே கீறி அகலப்படுத்துவது, சிறிது காலத்திற்கு ஸ்டென்ட் எனப்படும் நுண்குழாயைப் பொருத்துவது ஆகியவை எண்ணப்படுகின்றன. அவற்றின் பயன் குறித்தும் ஒருமித்த கருத்து இல்லை.

வளையக் கணையம்: வயிற்றுப்புற மொட்டு முறையாக நகராததால், கணையத் திசு முன்சிறுகுடலை வளையம் போலச் சுற்றிக்கொள்ளும் நிலை இது. ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் டீடமன் 1818 இல் இதனை விவரித்தார். வளையம் இறுக்கமானால் பிறந்த குழந்தை பால் குடித்தவுடன் வாந்தி எடுக்கும். ஊடுகதிர்ப் படத்தில் இரைப்பையும் முன்சிறுகுடலும் காற்று நிறைந்து இரு குமிழிகளாகத் தெரியும். டவுன் நோய்க்கூட்டறிகுறி உடைய குழந்தைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. சிலருக்கு முதிர்ந்த வயதிலேயே அறிகுறிகள் தோன்றுகின்றன. வளையத்தை வெட்டிவிடுவது எளிய வழியாகத் தோன்றினாலும் அறுவை மருத்துவர்கள் அதனைத் தவிர்க்கின்றனர். வளையத்தினுள்ளும் கணைய நாளம் செல்வதால், வெட்டினால் கணைய நீர் கசியும். ஆகவே வளையத்தைத் தொடாமல், அதற்கு மேலும் கீழும் உள்ள குடல் பகுதிகளை ஒன்றோடொன்று இணைத்து உணவுக்கு மாற்றுவழி அமைக்கின்றனர்.

பித்த, கணைய நாளங்களின் பிறழ் இணைப்பு: இயல்பாக இவ்விரு நாளங்களும் குடற்சுவரின் உள்ளே சேர்கின்றன. அங்குள்ள சுருக்குத்தசை ஒன்றின் நீர் மற்றொன்றில் புகாமல் காக்கிறது. சிலரிடம் அவை குடற்சுவருக்கு வெளியிலேயே சேர்ந்து நீண்ட பொதுக்குழாயாகின்றன. அப்போது கணைய நீர் பித்த நாளத்தினுள் ஏறி அதன் உட்சுவரை அரிக்கிறது. பித்த நாளம் பை போல வீங்குவதும், பித்தப்பையிலும் பித்த நாளத்திலும் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு மிகுவதும் இதன் விளைவுகள். ஜப்பான் முதலிய கிழக்காசிய நாடுகளில் இது மிகுதி. வீங்கிய நாளத்தையும் பித்தப்பையையும் அகற்றி, கல்லீரலில் இருந்து வரும் நாளத்தைச் சிறுகுடலுடன் நேரே இணைப்பது இதற்கான சிகிச்சை. நாளம் வீங்காதவர்களுக்கும் புற்றுநோயைத் தவிர்க்கும் பொருட்டுப் பித்தப்பையை மட்டும் அகற்றுவதுண்டு.

நினைவு

விர்சுங் செதுக்கச் செய்த செப்புத்தகடு பாதுவா பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது. அவர் விட்டுச் சென்ற அறிவியல் பணி என்பது அந்த ஒரு தகடும் சில கடிதங்களுமே. அவர் கண்டது பெரும்பாலோரிடம் அமைந்த இயல்பான நாளத்தையே; அதன் மாறுபாடுகளை அவருக்குப் பின் வந்தோர் பல தலைமுறைகளாகச் சேர்த்து எழுதினர். இன்று கணைய அழற்சியால் வருந்தும் ஒருவரின் நாளப் படத்தைப் பார்க்கும் மருத்துவர் முதலில் நோக்குவது, முதன்மை நாளம் கணையத்தின் வாலில் இருந்து தலை வரை தொடர்ந்து சென்று பெரிய துளையை அடைகிறதா என்பதையே. 1642 இல் விர்சுங் செதுக்கச் செய்த படம் காட்டுவதும் அதே வழியைத்தான்.